தம்பி இல்லை என்று சொல்லுங்கள்

இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் அக்கா, அங்கே வெயில் அடிக்கும். உங்கள் கையில் இருக்கிற கவரைப் பார்த்துத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். அதே லேப். காலையிலிருந்து நானும் அங்கேதான் கிடந்தேன். உங்களுக்கு என்ன, சர்க்கரையா, தைராய்டா? தைராய்டா. அது பரவாயில்லை, மாத்திரை போட்டால் அடங்கிவிடும். மாத்திரைக்கு அடங்காத ஆள் ஒருவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், பஸ்ஸின் கடைசி ஜன்னலோரம், கட்டம் போட்ட சட்டை. திரும்பிப் பார்க்காதீர்கள், அவரைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று தெரிந்துவிடும். தெரியட்டுமே. பாருங்கள். நன்றாகத் திரும்பியே பாருங்கள். என் வீட்டுக்காரர்.

பார்த்தால் எப்படித் தெரிகிறது? சாது என்று தெரிகிறது, இல்லையா? ஊரெல்லாம் அதைத்தான் சொல்கிறது. காளிராஜ் மாதிரி ஒரு சாதுவைப் பார்க்க முடியாது, அவருக்குப் போய் இப்படி ஒரு பெண்டாட்டியா என்று என் காதுபடவே பேசுவார்கள். அந்தச் சாதுதான் இன்றைக்கு என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறது.

அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்சூரன்ஸுக்காக மெடிக்கல். வயதும் கூடி, தொகையும் கூடினால் அந்தக் கம்பெனிக்காரர்களே லேபுக்கு அனுப்புகிறார்கள். ரத்தம் எடுப்பார்கள், சிறுநீர் எடுப்பார்கள், நெஞ்சில் வயரை ஒட்டி ஈசிஜி எடுப்பார்கள். கடைசியில் ஒரு டாக்டர் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். ஆள் தேறினால் பாலிசி. இல்லாவிட்டால் இல்லை. பரீட்சைதான். பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்வது போலத்தான் இவரைத் தயார் செய்தேன். ஒரு மாதத்துக்கு மேல் வேறு நினைப்பே இல்லை எனக்கு. ஊசி குத்தினது, வயர் ஒட்டினது எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியில், ஒரே ஒரு சொல்லில் பதில் சொல்ல வேண்டிய கேள்வியில் கவிழ்த்துவிட்டார். தெரியாமல் கவிழ்த்திருந்தால் மன்னித்துவிடுவேன். தெரிந்தே செய்தார்.

நான் எதற்குப் பாலிசி கேட்டேன் என்று சொன்னால்தான் உங்களுக்கு என் பக்கம் நியாயம் புரியும்.

இவருக்கு ஒரு தம்பி. வேல்ராஜ். இரண்டு பேருக்கும் ஒரே கடலை மிட்டாய்ப் பட்டறையில் வேலை. இவர் அடுப்படி. வெல்லப்பாகு காய்ச்சி, கடலையைக் கொட்டிக் கிளறி, மேசையில் கொண்டுவந்து கவிழ்ப்பார். தம்பி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று உருளையால் தேய்த்து, வெட்டுவான். அது ஆறுவதற்குள் தேய்த்துவிட வேண்டும். ஆறிப்போனால் கல்லு. அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தவன்தான் போன தை மாதம், உருளையைப் பிடித்த கையோடு அப்படியே மேசை மேல் சாய்ந்தான். நெஞ்சுவலி. ஆட்டோவில் ஏற்றும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது. இவருக்கு ஆறு வயது இளையவன்.

அவன் பெண்டாட்டி உலகம்மா. ஒரு பெண்பிள்ளை, பேச்சி, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டு இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான்தான் வரச் சொன்னேன். அவர் சொல்லவில்லை, நான் சொன்னேன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பின்பக்க அறையை ஒழித்துக் கொடுத்தேன். இன்றுவரை அவளிடம் ஒரு வேலை சொன்னதில்லை. அவளாகவே எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்து, காபி போட்டு, சோறு வடித்து வைத்துவிடுகிறாள். நான் என்ன செய்ய? கடைசியாகத்தான் சாப்பிட உட்காருவாள். முதலிலேயே சாப்பிடு என்று நானும் சொல்லவில்லைதான், ஆனால் வேண்டாம் என்றா சொன்னேன்?

எரிச்சல் மூட்டுவது ஒன்றுதான். எதை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுப்பாள். "அக்கா, கொஞ்சம் சீனி எடுத்துக்கிடட்டுமா?" "அக்கா, பேச்சிக்குத் தலையில வைக்கக் கொஞ்சம் எண்ணெய் எடுத்துக்கிடட்டுமா?" கேட்கச் சொன்னேனா நான்? தேங்காயெண்ணெய்ப் பாட்டில் அதற்குள் எப்படிக் காலியானது என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். ஒரு தடவைதான். அதிலிருந்து இப்படி. அடுக்களை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அந்தக் குரலில் கேட்பாள் பாருங்கள், நின்று கேட்க முடியாமல் கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.

ஏன் போவேன்? அந்த இடத்தில் என்னை நிறுத்திப் பார்ப்பேன் அக்கா. அவளுக்காவது பேச்சி இருக்கிறாள், படித்து ஆளாகி அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உச்சுக் கொட்ட வேண்டாம், அந்த அழுகையெல்லாம் எப்போதோ அழுது முடித்தாயிற்று. ஆனால் இவரும் ஒருநாள் மேசை மேல் சாய்ந்துவிட்டால், நான் யார் வீட்டு அடுக்களை வாசலில் போய் நின்று சீனி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பேன்? அதற்குத்தான் பாலிசி. நகை கேட்டேனா, பட்டு கேட்டேனா? யாரிடமும் போய் நிற்காமல் இருக்க ஒரு வழி கேட்டேன்.

ஏஜெண்ட் ஜெபமணி சார் வந்தார். நல்ல மனிதர். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "உள்ளத உள்ளபடி சொல்லிருங்கம்மா. கூடப் பிறந்தவங்கள பத்திக் கேப்பாங்க. தம்பி இப்படிப் போனதையும் சொல்லிரணும். கொஞ்சம் கூடக் கட்டச் சொல்லுவாங்க, இல்லாட்டி கொஞ்ச நாள் தள்ளிவைப்பாங்க. மறைச்சுப் பின்னால தெரிஞ்சா, அந்த நேரத்துல காசு வராது" என்றார்.

தள்ளிவைப்பார்களாம். தள்ளிவைத்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதா? வேல்ராஜிடமும் இதே ஜெபமணி சார்தான் வந்து கேட்டார். தீபாவளி போகட்டும் சார் என்றான். தீபாவளி போனது. பொங்கலும் போனது. அவனும் போனான். நல்லவர்கள் இப்படித்தான் எதையாவது சொல்லிவிட்டுப் போவார்கள். அனுபவிக்கிறது யார்? அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். தம்பி இல்லை. இவருக்குத் தம்பியே இல்லை. கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. அவ்வளவுதான்.

அது கடைசிப் பாடம். முதலில் உடம்பு.

உடம்பு என்றால் சர்க்கரை. மிட்டாய்ப் பட்டறையில் நிற்கிற ஆளுக்குச் சர்க்கரையைக் குறைப்பது என்றால் சும்மாவா? வெந்தயத் தண்ணீர், பாகற்காய், காலையில் மலைக்கோயில் வரைக்கும் நடை. நான் பின்னாலேயே போவேன், இல்லாவிட்டால் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். எடை பார்க்க வீட்டில் மிஷின் ஏது? தெருமுனைப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தினேன். கடைக்காரப் பயல் என்னைப் பார்த்து, "என்ன ரேட்டுக்குக்கா போடுதீங்க? துருப்பிடிச்சிருந்தா கொறையும்" என்றான். இவர் சிரித்தார். தம்பி செத்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார் என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரத்தைவிட எடை கூடியிருந்தது.

எப்படிக் கூடும்? பட்டறையில் தின்கிறார் என்று அர்த்தம். நேராகப் பட்டறைக்கே போய்விட்டேன். "அண்ணாச்சி, இவரு மிட்டாய வாயில போடாமப் பாத்துக்கிடுங்க, மெடிக்கல் வருது" என்றேன் முதலாளியிடம்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எம்மா, அவன் திங்கதுகூட எனக்குப் பெரிசில்ல. வைக்கான் பாரு, அதுதான் பெரிய தொல்லை."

"என்னத்த வைக்காரு?"

"வெட்டுறப்ப ஓரத்துண்டு விழும்லா? அத எடுத்து ரெண்டா ஒடிப்பான். ஒண்ண வாயில போட்டுக்கிடுவான். இன்னொண்ண மேசைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வச்சிருவான். சாயந்தரம் பாத்தா மேசை பூரா எறும்பு. தொடச்சுப் போட்டாலும் மறுநா வைக்கான்."

"அந்தப் பக்கம் யாரு நிக்கா?"

"இப்ப யாரும் நிக்கல" என்றார் அண்ணாச்சி. அப்படியே கல்லாவுக்குப் போய்விட்டார்.

பார்த்தீர்களா, முதலாளி சரக்கை இப்படி எறும்புக்குப் போட்டால் வேலையில் வைத்திருப்பார்களா? நல்ல மனிதர், பொறுத்துக்கொள்கிறார். எனக்கு அதில் ஒரே ஒரு ஆறுதல், பாதித் துண்டுதான் தின்கிறார். அந்தப் பாதியையும் நிறுத்தத்தான் மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாயில் கிராம்பைப் போட்டு அனுப்பினேன். கிராம்பு இருக்கிற வாயில் வேறு எதையும் போடத் தோன்றாது. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் இவர் பாகின் பதத்தை வாசத்தில் பார்க்கிற ஆளாம். கிராம்பு வாடையில் பதம் தப்பி, ஒரு ஈடு மிட்டாய் முழுக்க வெட்ட வராமல் பசை மாதிரி ஒட்டிக்கொண்டதாம். அண்ணாச்சி போனில் கூப்பிட்டு, "ஒங்க மெடிக்கல் முடியுத வரைக்கும் அவன வீட்டுலேயே வச்சுக்கிடுதியாம்மா?" என்றார். எல்லாப் பழியும் எனக்கு.

சரி, உடம்பு ஒருவழியாக வழிக்கு வந்தது. அப்புறம்தான் கேள்வி பதில்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், விளக்கு வைத்தவுடன் உட்காருவோம். நான் நாற்காலியில், டாக்டர். அவர் ஸ்டூலில்.

"பீடி, சிகரெட்டு உண்டா?"

"இல்லைங்க."

"தண்ணி?"

"இல்லைங்க."

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கீங்களா, ஆபரேஷன் ஏதும்?"

"இல்லைங்க."

"அப்பா?"

"வயசாகிப் போனாங்க."

"கூடப் பிறந்தவங்க?"

அவ்வளவுதான். வண்டி நின்றுவிடும். தரையைப் பார்ப்பார். கால் பெருவிரலைப் பார்ப்பார். துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பார். யாருமில்ல. நான்கு எழுத்தா, ஐந்து எழுத்தா? அதைச் சொல்ல வாய் வராது. இவர் என்ன அரிச்சந்திரன் பரம்பரையா? கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது பத்தாவது பாஸ் என்று சொன்னவர்தான். ஒன்பதாவதோடு நின்றது எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? தாலி ஏறின பிறகு. அன்றைக்கு வாய் வந்தது. இன்றைக்கு வரவில்லை.

பேச்சி பக்கத்தில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கெட்டிக்காரி. இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டாள். நான் கேட்பேன், இவர் முழிப்பார், அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "கூடப் பிறந்தவங்க யாருமில்ல டாக்டர்" என்று கணீரென்று சொல்வாள். எனக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு ஒரு கிரீம் பிஸ்கட் கொடுத்துவிட்டு இவரிடம், "ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்கு வருது, ஒங்களுக்கு வரலியா?" என்றேன். அப்புறம் தினமும் அவளே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் மடியில் கையை ஊன்றிக்கொண்டு, "பெரியப்பா, எங்கூடச் சொல்லுங்க. யாரு. மில்ல" என்பாள். அவர் அவள் முகத்தையே பார்ப்பார். எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

ஒருநாள் அவள் எழுதிக்கொண்டே தலையை நிமிர்த்தாமல், "அப்ப எங்க அப்பா யாருக்குத் தம்பி, பெரியம்மா?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் எதையாவது கேட்கும். "எழுதுத வேலையப் பாரு" என்றேன்.

அப்போதுதான் உலகம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். இத்தனை நாள் எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கையெல்லாம் மாவு. என்னைப் பார்த்துச் சொல்கிறாள், "அக்கா, அத்தான் அப்படியே சொல்லட்டும். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இத பேச்சி பள்ளிக்கூடம் போனப்புறம் சொல்லிக்குடுங்க."

தைரியத்தைப் பாருங்கள் அக்கா. என் வீட்டில் நான் எந்த நேரத்தில் எதைப் பேச வேண்டும் என்று அவள் டைம்டேபிள் போடுகிறாள். நானா விடுகிறவள்? "ஒம் புருஷன் ஒரு பாலிசி போட்டிருந்தான்னா நீ இங்க வந்து நிக்க வேண்டியதில்ல. அது நடக்கக்கூடாதுன்னுதான் நான் பாடுபடுதேன்" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? உண்மையைச் சொன்னால் கோபம் வருகிறது எல்லாருக்கும்.

மாவுக் கையோடு உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து சீனி கேட்பதையே நிறுத்திவிட்டாள். வெறும் கடுங்காபியை மடக்மடக்கென்று குடிக்கிறாள். மெடிக்கல் அவருக்கா, இவளுக்கா? யாருக்கு வீம்பு காட்டுகிறாள்? அந்தப் பிள்ளையையும் சாயங்காலமானால் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் கேட்பேன், அவர் பெருவிரலைப் பார்ப்பார்.

நேற்றைக்குத்தான் வாய் வந்தது. நான் அழுதுவிட்டேன், அதனால் வந்தது. "எனக்காகச் சொல்லமாட்டீங்களா? நான் நடுத்தெருவில நிக்கணுமா?" என்று அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "யாருமில்ல" என்றார். இன்னொரு தடவை என்றேன். "யாருமில்ல" என்றார். அப்பாடா என்று படுத்தேன்.

இன்று காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப்போனேன். ரத்தம், சிறுநீர், ஈசிஜி. எல்லாம் நல்லபடியாகப் போனது. அப்புறம் திரைச்சீலை போட்ட அறையில் அந்த டாக்டரம்மா. சின்ன வயது, நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்களே. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு கேள்வியும் காதில் விழுகிறது. நான் கேட்ட அதே வரிசை. பீடி, சிகரெட். இல்லைங்க. குடி. இல்லைங்க. ஆபரேஷன். இல்லைங்க. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

எனக்குத் தெரியும், பெருவிரலைப் பார்க்கிறார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாருமில்லீங்க டாக்டர்" என்று இந்தப் பக்கத்திலிருந்து நானே சொன்னேன்.

"நீங்க இருங்கம்மா, அவங்க சொல்லட்டும்" என்றது அந்தப் பெண்.

அப்புறம் இவர் குரல் கேட்டது. "ஒரு தம்பி" என்றார்.

எழுந்துவிட்டேன் அக்கா. திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய் வாயைப் பொத்தவா முடியும்?

"பேரு வேல்ராஜ். எனக்கு இளையவன். போன தை மாசம் செத்துப்போனான். நெஞ்சுவலி" என்றார். சரி, அதோடாவது நிறுத்தக் கூடாதா? கேட்டது அவ்வளவுதான், எத்தனை பேர் என்றுதான். இவர் நிறுத்தவில்லை. ஒரு வருஷமாக அந்தப் பெயரை வாயில் எடுக்காத மனிதர், சாவு வீட்டில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டே போகிறார். "அன்னிக்குக் காலையிலயே எடது கை வலிக்குதுண்ணே, நான் போயிட்டு மத்தியானம் வாரேன்னான். நான் அப்பத்தான் ஈடு எறக்கி மேசையில கவுத்திருக்கேன். ஆறிரும், இத மட்டும் தேச்சுக் குடுத்துட்டுப் போடான்னேன். சரிண்ணேன்னு உருளைய எடுத்தான். நாந்தாம்மா சொன்னேன். அவன் போறேன்னுதான் சொன்னான்" என்கிறார்.

அதற்கப்புறம் வேறு சத்தம். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை.

இது எனக்குத் தெரியாது அக்கா. பக்கத்தில் படுக்கிறவள் நான். வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுக்கிறவள் நான். எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்கிறார். அந்தக் கேள்வித்தாளில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா, தம்பியிடம் கடைசியாக என்ன சொன்னீர்கள் என்று? கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற ஆள், கேட்ட கேள்விக்கு நான் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்ல மாட்டாராம்.

அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தது. பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும் என்றது. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "சொன்னத எழுதிட்டேன்மா. கம்பெனிதான் முடிவு பண்ணும். எதுக்கும் இவங்களுக்கு ஹார்ட்ட ஒருதடவ முழுசா செக் பண்ணிருங்க, தம்பிக்கு இருந்திருக்குல்ல" என்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தது. பார்க்கட்டும். அதற்கு என்ன தெரியும், ஸ்கூட்டியில் வந்து ஸ்கூட்டியில் போகிற பிள்ளைக்கு.

வெளியே வந்து ரோட்டிலேயே பிடித்துக்கொண்டேன். ஜனங்கள் பார்த்தார்கள், கவலைப்படவில்லை. "ஏன் இப்படிப் பண்ணினீங்க? நேத்து ராத்திரி எனக்கு என்ன சொன்னீங்க? நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா நான் யாருகிட்டப் போய் நிப்பேன்?"

அவர் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? சாதாரணமாக, இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்கிற மாதிரி, "ஒலகம்மா இருக்காள்ல. ஒன்னியப் பாத்துக்கிடுவா" என்றார்.

கேட்டீர்களா? உலகம்மா என்னைப் பார்த்துக்கொள்வாளாம். அவள் என்னை. என் வீட்டில், என் பின்பக்க அறையில் இருந்துகொண்டு, என்னை. எனக்கு வந்த ஆத்திரத்திலும் எதிர்த்த ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். பஸ் ஏறினோம். அவர் பின்னால் போய்விட்டார், நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

நீங்கள் நியாயம் சொல்ல வேண்டாம். கேட்டீர்களே, அது போதும்.

பாருங்கள், எழுந்துவிட்டார். எங்கள் ஸ்டாப் இன்னும் வரவில்லை. இது பள்ளிக்கூடம். எதற்கு எழுந்திரிக்கிறார்? இங்கேதான் வருகிறார்.

என்ன, எங்க போறீங்க?

கேட்டீர்களா அக்கா, என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்று? பேச்சிக்கு இப்போது மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்குமாம். மெடிக்கல் எப்படிப் போச்சு, சரியாச் சொன்னீங்களா பெரியப்பா என்று சாயங்காலம் ஓடிவந்து கேட்பாளாம். பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோமாம், அதை மாற்றிச் சொல்லிவிட்டு வருகிறாராம். அப்புறம் இன்னொன்று. "ஒலகம்மாகிட்ட அந்தக் கை வலிச்சத நானே சாயந்தரம் சொல்லுதேன். அதுவரைக்கும் நீ ஒண்ணும் சொல்லிராத" என்று.

அதோ, கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாட்ச்மேன் ஏதோ கேட்கிறார். போகட்டும் பஸ், எனக்கென்ன.

அவருக்கு எல்லாம் சுலபம். சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். வீட்டில் யார் இருப்பது? உலகம்மா. கதவைத் திறந்ததும் என்ன கேட்பாள்? அத்தான் என்ன சொன்னாங்க அக்கா என்று கேட்பாள். ஒரு மாதமாக அவள் கேட்காத ஒன்று அதுதான், இன்றைக்குக் கேட்பாள். யாருமில்ல என்று சொன்னார் என்று சொன்னால், அது பொய். அவன் பெயரைச் சொன்னார் என்று சொன்னால், வேறென்ன சொன்னார் என்பாள். நான் ஒரு சொல்லை வாயில் வைத்திருக்கத் தெரியாதவள் அக்கா. சாயங்காலம் வரைக்கும் அவள் வடித்த சோற்றைத் தின்றுகொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கை வலித்ததை உள்ளே வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பேன்? அதுவும் அவள் அந்தச் சீனியில்லாத காபியைக் குடித்துக்கொண்டு முன்னால் நின்றால்?

எல்லாம் அவரால் வந்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் இதெல்லாம் உண்டா?

இதுதான் எங்கள் ஸ்டாப். அந்தப் பச்சைக் கதவு தெரிகிறது பாருங்கள், அதுதான் வீடு. கதவு திறந்துதான் இருக்கிறது.

இல்லை, நீங்கள் எழுந்திரிக்க வேண்டாம். வழிவிட வேண்டாம். உட்காருங்கள் அக்கா. உங்களுக்கு எந்த ஸ்டாப், கடைசி ஸ்டாப்பா? நல்லதாகப் போயிற்று. நானும் அதுவரைக்கும் வருகிறேன். பொம்பளைகளுக்குத்தான் டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாதே. இந்த பஸ் திரும்பி எத்தனை மணிக்குப் புறப்படும்?